பன்னிரண்டுக்குப் பதினான்கு

மனித உயிரைவிட மேலானது இவ்வுலகில் எதுவுமில்லை. இந்த மாபெரும் உண்மை, பன்னிரண்டடி அகலமும் பதினான்கடி உயரமும் கொண்ட தகரப் பலகையில், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில், எழுத்துக்குக் கறுப்பு நிழலும் கொடுத்து, தொழிற்பேட்டைச் சாலை திரும்பும் வளைவில் நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்திய ஐந்து மாதத்தில் அந்த வளைவில் ஒன்பது பேர் அடிபட்டு விழுந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் அங்கே விழுந்தவர் ஒரே ஒருவர். அவரும் செருப்பு வார் அறுந்து விழுந்தவர்.

பலகையை எழுதிய பெயிண்டருக்கு ஊரில் 'பெரியெழுத்து' என்று பெயர். சின்னதாக எழுத அவருக்கு வராது. கழிப்பறை என்று ஒரு கதவில் எழுதச் சொன்னால், அடுத்த தெருவில் போகிறவனுக்கும் அவசரம் வரும் அளவில் எழுதிக் கொடுப்பார். முப்பது வருடத் தொழிலில் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு அந்த வளைவுப் பலகைதான் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. மேல்பாதியில் வாசகம். கீழ்ப்பாதியில் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், நான்கு பேரும் கறுப்பு வெள்ளைக் கோட்டின் மேல் நின்றபடி சிரித்துக் கையாட்டுகிறார்கள். அந்த அப்பாவுக்கு, யாரும் கேட்காமலேயே, சாலைப் பாதுகாப்பு வாரியத் தலைவரின் முகத்தைப் போட்டிருந்தார். திறப்பு விழாவில் தலைவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, "யாரோ மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு, அந்த யாரோவுக்குப் பக்கத்தில் நின்று இருபது போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கத்திலிருந்து வருகிறவர்களும் படிக்க வேண்டுமே என்று முன்னும் பின்னும் ஒரே மாதிரி எழுதியிருந்தது.

விழுந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் வரைக்கும் பெயிண்டர் உச்சுக்கொட்டினார். "இந்தக் காலத்துல யாரு ஒழுங்கா ஓட்டுறாங்க" என்றார். ஒன்பதாவது ஆள் அவருடைய மகள்.

மகள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, சின்னக் குளிர்பெட்டியில் அடுக்கி, சைக்கிளில் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு ரொட்டி வண்டி மோதி, இடது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. விழுந்த இடத்தில் பதினோரு பேருடைய ரத்தம் கொட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதில் அவளுடைய ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை என்று அவளே எழுந்து உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மூன்றாம் நாள் ரொட்டி வண்டி ஓட்டுநர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறைய ரொட்டி. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதார்.

"நான் வேகமா வரலண்ணே. சத்தியமா வரல. பாப்பா எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. எனக்கு அந்த போர்டுதான் தெரிஞ்சுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா ஒண்ணுண்ணே, எழுத்து ரொம்ப அழகு. யாரு எழுதினதோ, தங்கமான கை."

பெயிண்டரின் மனைவி வாயைத் திறந்தாள்.

"அந்தத் தங்கமான கை இதோ உக்காந்திருக்கு. கும்பிட்டுக்கோங்க."

"அம்மா, சும்மா இரும்மா" என்றாள் மகள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "இந்தப் பக்கம் நான் பார்த்ததும் அந்த போர்டைத்தான்பா. உங்க ஆளுங்க நாலு பேரும் பல்லைக் காட்டிட்டுக் கையாட்டுறாங்க. அவங்க முதுகுக்குப் பின்னால ரொட்டி வண்டி வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்களாவது சொல்லியிருக்கலாம்."

பெயிண்டர் அன்று மாலையே வளைவுக்குப் போனார். முதல்முறையாகப் பலகையைப் பார்க்காமல், பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க முயன்றார். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தார், தரை வரைக்கும் தகரம். எட்டிப் பார்த்தார், ஒரு லாரி அவருடைய மூக்குக்கு நேராக ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு சைக்கிள்காரன் வளைவுக்கு வரும்போது என்ன தெரியுமோ அதுதான் அவருக்கும் தெரிந்தது: மனித உயிரைவிட மேலானது எதுவுமில்லை என்ற செய்தி. அதற்கு அப்பால் உயிரை எடுக்க வருவது எதுவும் தெரியவில்லை.

அவருக்கு ரத்தம் கொதித்தது. தன் மகள் இந்த வழியாகத்தான் மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும். வேறு பாதை கிடையாது. வேறு வேலை தேடு என்றால் கேட்கிற பெண்ணும் இல்லை. கட்டுப் பிரிக்க ஆறு வாரம். அதற்குள் இந்தப் பலகை இங்கே இருக்கக் கூடாது.

மறுநாள் வாரிய அலுவலகத்துக்குப் போனார். அவரே எழுதிக் கொடுத்திருந்த 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்ற அறிவிப்பின் கீழே தலைவரின் கார் நின்றிருந்தது. உள்ளே குமாஸ்தா விபத்துப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து கட்டங்கள்: அதிவேகம், மது, கால்நடை, மழை, கவனக்குறைவு. வளைவில் விழுந்த ஒன்பது பேருக்கும் ஐந்தாவது கட்டத்தில் டிக் அடித்திருந்தது.

"என் பொண்ணு கவனக்குறைவா? அவ ஊசி குத்தினா குழந்தைகூட அழாது. அவ்வளவு கவனம்."

"அண்ணே, அவங்க குடிக்கல. மழை இல்ல. மாடு இல்ல. ரொட்டி வண்டி முப்பதுல வந்திருக்கு. மிச்சம் என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"போர்டுன்னு எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லைன்னா காரணமும் இல்லையா?"

"கட்டம் அச்சடிச்சு வந்ததுண்ணே." குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன்ண்ணே, இதை நீங்க வந்து கேட்கிறீங்களே..." என்று ஏதோ சொல்ல வந்தவர், சொல்லாமல் விழுங்கிக்கொண்டார். பெயிண்டருக்கு அதைக் கவனிக்கும் பொறுமை இல்லை. அவர் ஏற்கனவே தலைவரின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

தலைவரின் மேஜையில் ஒரு சின்ன சிக்னல் விளக்குப் பொம்மை. பேசும்போது அதன் பொத்தானை அழுத்திக்கொண்டே பேசுவது அவர் பழக்கம். சிவப்பு எரிந்தாலும் பேச்சு நிற்காது.

"வாங்க பெரியெழுத்து. பொண்ணுக்குக் கை எப்படி இருக்கு? கேள்விப்பட்டு மனசே சரியில்ல."

"கையை விடுங்க சார். போர்டை எடுத்துடுங்க."

தலைவர் பச்சையை அழுத்தினார். "எந்த போர்டை?"

"வளைவுல நிக்கிற போர்டை. அது பாதையையே மறைக்குது சார். வர்ற வண்டி தெரியல. அதுக்குப் பின்னால ஒரு யானையை நிறுத்தினாலும் யாருக்கும் தெரியாது."

"பாதுகாப்பு போர்டு எப்படிங்க ஆபத்தாகும்? மருந்து எப்படி நோயாகும்?" அவருக்கே அந்த வாக்கியம் பிடித்துப்போய், மூலையில் இருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டார். "யோசிச்சுப் பாருங்க. அஞ்சு மாசத்துல ஒன்பது விபத்து நடக்கிற இடம். அங்கே போய்ப் பாதுகாப்பு பலகையை எடுத்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"பலகை வந்தப்புறம்தான் சார் ஒன்பதும்."

"அப்போ பலகை சரியான இடத்துலதான் வச்சிருக்கோம்னு அர்த்தம்."

காதில் பூச்சுற்றுவதைப் பெயிண்டர் கேள்விப்பட்டிருக்கிறார். பூக்கடையையே தூக்கிக் காதில் வைப்பதை அன்றுதான் பார்த்தார். இருந்தாலும் விடவில்லை. நின்றார், கத்தினார், நாளைக்கும் வருவேன் என்றார். சொன்னபடி மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். நான்காவது வாரம், தொல்லை தாங்காமல், தலைவர் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார். தலைமை, அவரே.

குழு ஒரு விடுமுறை நாள் காலையில், தொழிற்பேட்டையில் ஒரு சங்குகூட ஊதாத நேரத்தில் வந்தது. ஆய்வுக் குழுவினரின் பாதுகாப்பைக் கருதி வளைவின் இரண்டு பக்கமும் கூம்புகள் வைத்துப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஐந்து பேர் நடுச்சாலையில் குடை பிடித்து நின்று, பலகையைச் சுற்றிவந்து, டேப்பு வைத்து அளந்து, டீ குடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் அந்த வழியாக வந்தது ஒரு நாய். அதுவும் கூம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"ஆய்வின்போது விபத்து எதுவும் நிகழவில்லை" என்று அறிக்கை வந்தது. இருந்தாலும் மக்களின் உணர்வை மதித்து, வளைவுக்கு ஐம்பதடி முன்பாக இரண்டு பக்கமும் புதுப் பலகை வைக்கப்படும். அதில், 'முன்னே உள்ள பலகைக்குப் பின்னால் வளைவு இருக்கிறது' என்று எழுதப்படும். எழுதும் வேலை, அனுபவம் வாய்ந்த கலைஞர் என்ற முறையில், பெயிண்டருக்கே.

அந்தக் கடிதத்தை அவர் வீட்டில் சத்தமாகப் படித்தார். பாதியிலேயே நிறுத்தினார்.

"இவனுங்க மனுஷங்கதானா? பொண்ணுங்க, பசங்க, வேலைக்குப் போறவங்க, ஒன்பது பேரு எலும்பு ஒடஞ்சு கிடக்குது. இவனுங்க போர்டுக்கு போர்டு வைக்கிறானுங்க!"

"எழுதிக் குடுங்களேன்" என்றாள் மனைவி, துணி மடித்தபடியே. "அதையும் பெரிசா எழுதுங்க. அப்புறம் அதுக்கு முன்னால ஒண்ணு வைக்கலாம். இப்படியே வரிசையா வச்சுட்டு வந்தா நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வந்துடும். பொண்ணு வெளியே போகவே வேணாம்."

மகள் சிரித்தாள். பெயிண்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுப் பிரிக்கப் பத்து நாள்தான் பாக்கி.

மறுநாளிலிருந்து அவரே வளைவில் போய் நின்றுகொண்டார். பெயிண்ட் துடைக்கும் சிவப்புத் துணியை ஒரு கம்பில் கட்டி, பலகையின் ஓரத்தில் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நின்று, ஆட்டிக்கொண்டே இருந்தார். லாரி வந்தால் சைக்கிளை நிறுத்தினார். சைக்கிள் வந்தால் லாரியை நிறுத்தினார். ரொட்டி வண்டிக்காரர் மட்டும் அவரையும் நம்பவில்லை. வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, நடந்து போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஏறி ஓட்டுவார். போகும்போது ஒரு பன்னை நீட்டுவார். அந்த ஐந்து நாளில் ஒருவர்கூட விழவில்லை.

ஆறாம் நாள் குமாஸ்தா ஒரு நோட்டீஸோடு வந்தார்.

"என்ன போட்டிருக்கு?"

குமாஸ்தா தரையைப் பார்த்துக்கொண்டு படித்தார். "உரிய அனுமதியின்றிப் பொதுமக்களைப் பாதுகாத்தல்."

பெயிண்டர் கம்பைக் கீழே போட்டார். கோபத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அனுமதியோட கொல்லலாம், அனுமதி இல்லாம காப்பாத்தக் கூடாது. அப்படித்தானே?"

"என்கிட்ட கத்தி என்னண்ணே பண்றது? சனிக்கிழமை இங்கேதான் சைக்கிள் ஊர்வலம். தலைவர் வர்றாரு. நீங்க நின்னா போட்டோவுல விழுவீங்க, அதான்." கிளம்பியவர் மறுபடி திரும்பினார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இந்த விஷயத்துல நீங்க ரொம்பக் குரல் உசத்தாம இருக்கிறது நல்லது. பைல்னு ஒண்ணு இருக்கு."

"பைலைக் காட்டி என்னை மிரட்டுறியா? கொண்டு வாய்யா பைலை!"

குமாஸ்தா பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வருவதாக மகள் நிலையத்துக்குச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை, கை பழக வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவளோடு பெயிண்டரும் ஓட்டமும் நடையுமாக வளைவுக்கு வந்தார். ஊர்வலம் பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது.

நூறு சைக்கிள்கள். எல்லோர் தலையிலும் புது ஹெல்மெட். ஒருவரும் வாரை மாட்டவில்லை. மாட்டினால் போட்டோவில் தாடை அழுந்தித் தெரியும். முன்னால் தலைவர், வெள்ளைக் கால்சட்டையில், கல்லூரிக் காலத்துக்குப் பிறகு முதல்முறையாக சைக்கிள் ஏறிய உற்சாகத்தில், ஒரு கையை விட்டுக் கூட்டத்துக்கு ஆட்டிக்கொண்டே வந்தார். பலகையில் இருந்த அவரும் ஆட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கமிருந்து, முன்கூட்டியே வந்திருக்க வேண்டிய வாரியத்தின் போட்டோ ஜீப், தாமதத்தைச் சரிக்கட்டும் வேகத்தில் வந்தது. அதன் ஒலிபெருக்கி, "மெதுவாகச் செல்வீர், உயிரைக் காப்பீர்" என்று முழங்கிக்கொண்டிருந்தது.

ஜீப் ஓட்டுநருக்குத் தெரிந்தது பலகை. தலைவருக்குத் தெரிந்ததும் பலகை.

பிரேக் சத்தம் கேட்டது. ஜீப்பின் முன்பக்கம் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தொட்டது, அவ்வளவுதான். தலைவர் பக்கவாட்டில் சாய்ந்து, பலகையில் கையாட்டிக்கொண்டிருந்த தன் முகத்தின் மேலேயே டொம்மென்று மோதி, தரையில் உட்கார்ந்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. வெள்ளைக் கால்சட்டை முட்டியில் கிழிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எடுங்கடா இதை!" என்றார் தலைவர், தரையில் உட்கார்ந்தபடியே. "இந்தச் சனியனை இப்பவே எடுங்கடா!"

வெட்டும் கருவி வந்தது. கிரேன் வந்தது. ஆறரை மாதமாகப் பத்துப் பேரின் கவனக்குறைவைத் தாங்கி நின்ற பலகை நாற்பது நிமிடத்தில் லாரியில் மல்லாந்து கிடந்தது. அது நின்ற இடத்தின் வழியாகச் சாலை முழுக்கத் தெரிந்தது: தொழிற்பேட்டை வாசல், மூன்று லாரிகள், தூரத்தில் தயங்கித் தயங்கி வந்த ரொட்டி வண்டி.

குமாஸ்தா பதிவேட்டைப் பிரித்தார். "காரணம் என்னன்னு போடட்டும் சார்? கவனக்குறைவு?"

"போர்டுன்னு எழுதுய்யா!"

குமாஸ்தா பேனாவால் ஆறாவது கட்டம் ஒன்றை வரைந்து, அதில் டிக் அடித்தார்.

அதைப் பார்த்ததும்தான் பெயிண்டருக்குத் தாங்கவில்லை. ஒன்பது பேருக்கு இல்லாத கட்டம், ஒரு கால்சட்டைக்கு வந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுச்சாலைக்கு வந்து நின்றார்.

"கேளுங்கய்யா எல்லாரும்! ஒன்பது பேரு கை காலை ஒடச்சுக்கிட்டாங்க. என் பொண்ணு ஒன்றரை மாசம் ஒரு கையால சாப்பிட்டா, ஒரு கையால தலை வாரினா. அப்பல்லாம் ஆகாதது, இவருக்குக் கால்சட்டை கிழிஞ்சா ஆகுது!" கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். அவருக்குக் குரல் இன்னும் ஏறியது. "சரி, போர்டு போயிடுச்சு. போனா போதுமா? வளைவுன்னு தெரிஞ்சும் தரை வரைக்கும் தகரம் அடிக்கச் சொன்னவன் ஒருத்தன் இருப்பான்ல? சைக்கிள்ல வர்றவன் குனிஞ்சு பார்க்கக்கூட இடம் விடாத புத்திசாலி, யாருய்யா அவன்? அவன் பேரு எனக்கு வேணும். இத்தனை பேர் முன்னால வேணும்!"

"அவன் பேரைச் சொல்லு!" என்றது கூட்டம். முழங்கையில் கைக்குட்டை சுற்றியிருந்த தலைவரும், "ஆமா, யாருய்யா அவன்?" என்றார்.

"வேணாம்ணே" என்றார் குமாஸ்தா மெதுவாக.

"வேணும்! பைல் பைல்னு சொன்னியே, இப்ப எடு!"

மகள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளில் உட்கார்ந்தபடியே பக்கத்தில் நின்றாள். குமாஸ்தா தோள்பையிலிருந்து கோப்பை எடுத்து, முதல் தாளைப் பிரித்து, உயர்த்திப் பிடித்தார். வாரியத்தின் பொறியாளர் போட்ட முதல் வரைபடம். பலகை சிறியது, ஏழடி உயரமுள்ள இரண்டு இரும்புக் கால்களின் மேல் நின்றது. கால்களுக்கு நடுவே அம்புக்குறி போட்டு, 'பார்வைக்கு இடம்' என்று பென்சிலில் பொடியாகக் குறித்திருந்தது. அந்தக் குறிப்பின் மேலேயே சிவப்பு மையில், எழுத்துக்கு நிழல்கூடக் கொடுத்து, இன்னொரு கை எழுதியிருந்தது: 'கீழே காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. தரை வரை இறக்கினால் ஒரு குடும்பம் வரைந்து தருகிறேன்.' ஓரத்தில் 'சரி' என்று தலைவரின் கையெழுத்து.

எழுத்து பெரிதாக இருந்ததால், மகள் சைக்கிளிலிருந்து இறங்காமலேயே அதைப் படித்தாள்.